பிளக்-இன் சோரெண்டோவா, வெறும் கேஸ் சோரெண்டோவா? 32,000 டாலர் பட்ஜெட், ஒஹாயோ. கொஞ்சம் உதவுங்க

டப்ளின்வாசி

வணக்கம் மக்களே. கொலம்பஸ் பக்கம் டப்ளின்ல இருக்கோம், வாடகை டவுன்ஹவுஸ், ஒரு கார் நிக்கிற கராஜ். இப்ப இருக்கற செடான் 2012 மாடல், இன்னொரு வின்டர் தாங்காது. ஆகஸ்ட்ல அம்மா அப்பா ஆறு மாசத்துக்கு வர்றாங்க, நாங்க ரெண்டு பேரு, ரெண்டு வாண்டுங்க, ஆக ஆறு தலை, மூணு ரோ இல்லாம ஆகாது. வரியோட சேத்து 32,000 தான் முடியும்.

2023 கியா சோரெண்டோ மூணு பாத்து வச்சிருக்கேன், மூணும் ஆல் வீல் டிரைவ். கேஸ் (அதாங்க பெட்ரோல்) 23,900, சாதா ஹைப்ரிட் (பெட்ரோலோட பேட்டரியும் உண்டு, சொருகி சார்ஜ் பண்ண வேணாம்) 26,200, பிளக்-இன் (செவுத்துல சொருகி சார்ஜ் பண்ற ஹைப்ரிட்) 29,400, வரி தனி. ஆபீஸ் போக வர 36 மைல், வாரத்துல மூணு நாள், வருஷத்துக்கு மொத்தமா 11,000 மைல் வரும். பிளக்-இன்ல பேட்டரியிலயே 32 மைல் ஓடும்னு போட்டிருக்கான், அதனால எனக்கு அதுமேல ஒரு கண்ணு. (ஊர்ல மச்சான்கிட்ட கேஸ் வண்டின்னு சொன்னா சிலிண்டர் எங்க இருக்கும்னு கேக்கறான்.)

இப்ப பிரச்சனைக்கு வர்றேன். நண்பர் ஒருத்தர் அதே பிளக்-இன் மாடல் வச்சிருக்காரு, வீக்கெண்ட் ஓட்டிப் பாருன்னு குடுத்தாரு. சனிக்கிழமை ராத்திரி கராஜ் செவுத்துல இருக்கற சாதா பிளக்ல சொருகிட்டு தூங்கப் போயிட்டேன். காலைல பாத்தா வண்டில நாலு மைல்தான் ஏறியிருக்கு. அது பரவால்ல, அதே கராஜ்ல இருக்கற ரெண்டாவது ஃபிரிட்ஜும் செத்துக் கெடக்கு, உள்ள வச்சிருந்த மாவு பொங்கி, மூடிய தள்ளிட்டு, தட்டுல வழிஞ்சு, கதவு ரப்பர் இடுக்குலேருந்து தரை வரைக்கும் வந்து காஞ்சு போயிருக்கு. வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, அதான் பயமா இருக்கு. வண்டில கோளாறா, வீட்டுலயா?

மேசன் மாமா

வீட்டுலதான் தம்பி. அதுக்கு முன்னாடி ஒண்ணு, பிளக்-இன் வாங்கினா டாக்ஸ் கிரெடிட் (வரில கழிவு) வரும்னு எதுவும் கணக்கு போட்டு வச்சிருந்தா அடிச்சிடுங்க. புதுசுக்கு 7,500, பழசுக்கு 4,000னு இருந்ததெல்லாம் 2025 செப்டம்பர் 30-ஓட முடிஞ்சுது. பழசுக்கு இருந்தப்பவும் விலை 25,000-க்குள்ள இருந்தாத்தான் குடுத்தான்.

பழைய வயர்மேன்

ஊர்ல பத்து வருஷம் வயரிங் வேலை பாத்தவன் சொல்றேன், கேளுங்க. அந்த கராஜ் பிளக் 15 ஆம்ப் பிரேக்கர்ல இருக்கும். மணிக்கணக்கா ஓடற லோடுன்னா அதுல 80 சதவீதம்தான் எடுக்கணும், அதாவது 12 ஆம்ப். வண்டி சார்ஜர் ஒண்ணே அந்த 12-ஐயும் தின்னுடும். நடுராத்திரி ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆனா அந்த ஒரு நொடி இழுப்புலயே பிரேக்கர் விழுந்திருக்கும். வண்டி மேல தப்பே இல்ல, உங்க மாவு மேலயும் இல்ல.

மூணு வழி இருக்கு. வண்டி மெனுவுல சார்ஜிங் கரண்ட கொறைக்கலாம், 8 ஆம்ப்ல வச்சா ஒரு கிலோவாட் கூட போகாது, 13.8 கிலோவாட் ஹவர் பேட்டரி நிறைய பதினஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். இல்ல ஃபிரிட்ஜ வேற சர்க்யூட்டுக்கு மாத்தணும். அதுவும் இல்லன்னா வீட்டு ஓனர்கிட்ட பேசி 240 வோல்ட் 20 ஆம்ப்ல தனி லைன் ஒண்ணு. கடைக்காரன் 50 ஆம்ப் போடணும்னு சொல்லுவான், நம்பாதீங்க, இந்த வண்டி 3.3 கிலோவாட்டுக்கு மேல உள்ள வாங்கவே வாங்காது, 20 ஆம்பே தாராளம், நாலு மணி நேரத்துல ஃபுல்.

எக்ஸ்டென்ஷன் கார்டு மட்டும் வேணாம். பிளக் பாயின்ட்ட ஒரு மணி நேரம் கழிச்சு தொட்டுப் பாருங்க, வெதுவெதுப்புன்னா சரி, கை வைக்க முடியலன்னா உள்ள ஸ்பிரிங் தளர்ந்துடுச்சுன்னு அர்த்தம். என் வீட்டுல இப்படித்தான் அசால்ட்டா விட்டு வெள்ளை பிளாஸ்டிக் வறுத்த முந்திரி கலருக்கு வந்துடுச்சு.

டப்ளின்வாசி

அண்ணா கோடி நன்றி. தொட்டுப் பாத்தேன், சுடல. ஓனர்கிட்ட இன்னிக்கு கேக்கறேன்.

கணக்குப்பிள்ளை

சார்ஜிங் சரியாச்சுன்னே வச்சுக்குவோம், காசு மிச்சமாகுதான்னு பாருங்க. பிளக்-இன் சோரெண்டோவுக்கு ஈபிஏ (மைலேஜ் சோதிக்கற கவர்ன்மென்ட் ஆபீஸ்) போட்டிருக்கறது கரண்ட்ல 79 எம்பிஜிஇ, அதாவது ஒரு கேலன் பெட்ரோலுக்குச் சமமான கரண்ட்ல 79 மைல். ஒரு கேலன்னா 33.7 கிலோவாட் ஹவர்னு கணக்கு, அப்ப 100 மைலுக்கு சுமார் 43 யூனிட். யூனிட் 17 சென்ட்டுனு வச்சா 7.30 டாலர். கேஸ் வண்டி 25 மைல் குடுக்கும், கேலன் 3 டாலர்னா 100 மைலுக்கு 12 டாலர். சாதா ஹைப்ரிட் 34 குடுக்கும், 8.80 டாலர்.

உங்க 11,000 மைல்ல 7,000 கரண்ட்லயே ஓடுது, மீதி 4,000 ஹைப்ரிட் மாதிரி 34-ல ஓடுதுன்னு தாராளமா வச்சாலும், கேஸ் வண்டிய விட வருஷத்துக்கு 457 டாலர் மிச்சம். அதுலேருந்து ஒஹாயோ ரிஜிஸ்ட்ரேஷன்ல பிளக்-இன்னுக்குன்னு தனியா புடுங்கற 150 போயிடும், மிச்சம் 307. நீங்க அதிகமா குடுக்கறது 5,500. பதினெட்டு வருஷம் சார். சின்னவன் காலேஜ் போயிடுவான்.

ஹைப்ரிட்டுக்கும் இதே கணக்கு போட்டா, வருஷம் 352 மிச்சம், அதுக்கும் ஸ்டேட்டு 100 வாங்குது, நிகரம் 252, அதிக விலை 2,300, ஒம்பது வருஷம். அதுவும் ஒண்ணும் பிரமாதம் இல்ல. நான் கேஸ்தான் சொல்லுவேன்.

சியாட்டல் சீமான்

கணக்கு சரிதான், ஆனா எல்லாருக்கும் பொருந்தாது. எனக்கு ஆபீஸ்ல சார்ஜிங் ஓசி, இங்க கரண்டும் மலிவு, நாலஞ்சு வாரத்துக்கு ஒரு தடவைதான் பம்புக்கே போறேன். அந்த சத்தமில்லாத ஓட்டத்துக்கு என்ன விலை போடுவீங்க?

பே ஏரியா பழனி

ஹா ஹா. இங்க யூனிட் 40 சென்ட்டு. அவரு கணக்குல 17-ஐ எடுத்துட்டு 40 போட்டுப் பாருங்க, கரண்ட்ல ஓட்டறதுக்கு கேஸே மலிவுன்னு வரும். கொடுமை.

ஏரிக்கரை

நான் கிளீவ்லேண்ட், ரெண்டு வருஷமா இதே பிளக்-இன் வச்சிருக்கேன், யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். இந்த வண்டில ஹீட்டருக்குன்னு தனி மின்சார ஏற்பாடு கிடையாது, ஹீட்டர் போட்டா இன்ஜின் ஸ்டார்ட் ஆகிடும். பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் ஆகும். நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் இதே கூத்துதான். நாங்க ஹீட்டர அணைச்சிட்டு சீட் சூடும் ஸ்டியரிங் சூடும் மட்டும் போட்டு ஓட்டுவோம், தனியா போகறப்ப ஓகே. உங்க அம்மா அப்பா ஊர்லேருந்து வந்து ஜனவரில பின்னாடி உக்காந்திருக்கும்போது ஹீட்டர் போடாதீங்கப்பான்னு சொல்லிப் பாருங்க! எங்க மாமியார் ஸ்வெட்டர், அதுக்கு மேல ஷால், அதுக்கு மேல என்னோட ஜாக்கெட்டு, அவ்ளோத்தையும் போட்டுக்கிட்டு "காரா இது, ஐஸ் பொட்டியா"ன்னு கேட்டாங்க.

டொயோட்டா ராவ்4 பிரைம்ல ஹீட் பம்ப் (கரண்ட்லயே வண்டிய சூடாக்கறது) இருக்கு, 42 மைல் வேற ஓடும், ஆனா அஞ்சு சீட்டுதான், உங்களுக்கு ஆகாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் பிளக்-இன் 38 மைல், மூணு ரோன்னு பேரு, மூணாவதுல பெரியவங்க உக்கார முடியாது, கைப்பை வைக்கலாம். ஃபாஸ்ட் சார்ஜ் இருக்கேன்னு ஆசைப்பட்டா அது சாடெமோ பிளக், புதுசா அத யாரும் போடறதே இல்ல.

டப்ளின்வாசி

அக்கா, இது தெரியாம வாங்கியிருந்தா அப்பா அடுத்த ஃபிளைட்டுல திரும்பியிருப்பாரு. அவருக்கு 68 டிகிரி ஃபாரன்ஹீட்லயே மப்ளர் வேணும்.

மேசன் மாமா

இன்னொண்ணு தம்பி. கியாவோட 10 வருஷ பவர்டிரெய்ன் (இன்ஜின், கியர் பாக்ஸ்) வாரண்டி முதல் ஓனருக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்டா வாங்கினா 5 வருஷம் இல்ல 60,000 மைல், அதுவும் முதல் ஓனர் வாங்கின தேதிலேருந்து. கம்பெனியே சர்டிஃபை பண்ணி விக்கற வண்டின்னா 10 திரும்ப வரும். மூணுல எது சர்டிஃபைடுன்னு கேட்டீங்களா?

டப்ளின்வாசி

அப்டேட். ஓனர்கிட்ட பேசினேன், புது லைனெல்லாம் முடியாதுன்னுட்டாரு, அடுத்த வருஷம் வீட்ட விக்கற யோசனை போல. அதோட பிளக்-இன் கதை முடிஞ்சுது. கணக்குப்பிள்ளை சார் பேச்சக் கேட்டு கேஸ்தான் எடுக்கறதா இருந்தேன், ஆனா மூணுல சர்டிஃபைடு ஹைப்ரிட் மட்டும்தான், கேஸ் வண்டி வேற ஒரு கடைல சும்மா நிக்குது. 2,300 அதிகம்னாலும் வாரண்டியோட சேத்துப் பாத்தா மனசு அங்கதான் போகுது, வீட்டம்மாவும் சரின்னுட்டாங்க. சனிக்கிழமை அம்மாவோட பெரிய பொட்டி சைஸ்ல ரெண்டு சூட்கேஸ் எடுத்துட்டுப் போயி, மூணாவது ரோவ நிமித்தி வச்சா பின்னாடி எவ்ளோ எடம் மிஞ்சுதுன்னு பாக்கப் போறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அம்மாவுக்கு முட்டி வலி, அதனால பெரியவங்க ரெண்டு பேரும் நடுவுல, பசங்க பின்னாடி. ஆறும் எட்டும் வயசு, பூஸ்டர் சீட்டுல உக்காருவாங்க. மூணாவது ரோல பூஸ்டர் போட்டு ஓட்டறவங்க யாராவது இருக்கீங்களா, பெல்ட் பக்கிள் அவங்களா மாட்டிக்கற மாதிரி கைக்கு எட்டுதா, இல்ல ஒவ்வொரு தடவையும் நான்தான் உள்ள பூந்து மாட்டணுமா?