புதுப்பிப்பு: சோலார் போட்டாச்சு, பேட்டரி இப்போதைக்கு இல்லை

வீட்டுக்கு சோலார் போடலாமா, பேட்டரியும் வாங்கணுமா, போட்ட பணம் திரும்புமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பேனல்கள் மாடிக்கு வந்துவிட்டன.

மின்வெட்டு எங்களுக்கு அரிது என்பதால் பேட்டரியை விட்டுவிட்டோம். ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும்: பேட்டரி இல்லாத சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும், வெளி மின்கம்பியோடு இணைந்த பெட்டி), கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். வெளியே கம்பியில் வேலை செய்பவர்மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான்.

அப்புறம் நிழல். சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்துப் பேனலைத் தொட்டதுமே இன்வெர்ட்டர் திரையில் எண் மளமளவென்று இறங்குகிறது. பேனல்களைத் தொடராக இணைத்திருப்பதால் ஒன்று மங்கினாலும் மொத்தத்தில் அடி விழும். ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஆப்டிமைசர் என்ற கருவியை வாங்குவதைவிடத் தொட்டியை நகர்த்துவது எங்களுக்கு மலிவு, அதைத்தான் செய்யப்போகிறோம். சூடும் கொஞ்சம் தின்னும்: பேனலின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும்.

செலவுக் கணக்கில் பலர் விடுவது இன்வெர்ட்டரை. பேனல் 25 ஆண்டுகள் உழைக்கும், இன்வெர்ட்டரைப் பெரும்பாலும் 10–15 ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். அதையும் சேர்த்த மொத்தச் செலவை, மொத்தமாகக் கிடைக்கும் யூனிட்டால் வகுத்துப் பாருங்கள்; ஒரு யூனிட் என்ன விலைக்கு விழுகிறது என்று தெரியும். வெளியே விற்கும் யூனிட்டுக்கு வாங்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும் என்றால், மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றிவிடுங்கள்.