டேங்கில் ஊற்றும் கிளீனர் பழைய பைக்கின் இன்ஜினைச் சுத்தம் செய்யுமா?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசி

வணக்கம். என்னிடம் 2014இல் வாங்கிய, கார்புரேட்டர் உள்ள 150 சிசி பைக் இருக்கிறது. இதுவரை 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் மணலியில் உள்ள தொழிற்சாலைக்குக் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்துதான் போய் வருகிறேன். நான்கு மாதங்களாகக் காலையில் சோக் போடாமல் வண்டி கிளம்புவதில்லை. கிளம்பினாலும் சிக்னலில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் அணைந்துவிடுகிறது. லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இப்போது 40தான் கொடுக்கிறது.

பெட்ரோல் பங்க்கில் கிளீனர் பாட்டில் ஒன்றைக் காட்டி, இதை ஊற்றினால் கார்பன் எல்லாம் கரைந்துவிடும் என்றார்கள். உடன் வேலை செய்யும் நண்பரோ, அதற்கு ஏன் பணம், பெயின்ட்டில் கலக்கும் தின்னரைக் கால் லிட்டர் ஊற்றினாலே போதும் என்கிறார். அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி என்பதால் தெரியாமல் எதையும் ஊற்றிக் கெடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய வண்ணாரப்பேட்டை மெக்கானிக்

தம்பி, முதலில் தின்னரை மறந்துவிடுங்கள். டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை பெட்ரோல் போகும் வழியில் ரப்பர் வாஷர்களும் ஓ-ரிங்குகளும் இருக்கின்றன. தின்னர் பட்டால் அவை உப்பிப்போகும், பிறகு கசியத் தொடங்கும். அப்படி வந்த வண்டிகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

கிளீனர் என்பது வேறு. நல்ல கிளீனர்களில் பாலிஈதர் அமீன் என்ற அழுக்கு நீக்கி இருக்கும். இன்ஜின் சூட்டைத் தாங்கி, இன்டேக் வால்வின் பின்புறத்திலும் பிஸ்டன் தலையிலும் படிந்த கார்பனைச் சிறிது சிறிதாக இளக்கக்கூடியது அது. கார்புரேட்டர் வண்டியிலும், இன்டேக் வழியில் இன்ஜெக்டர் வைத்த வண்டியிலும் பெட்ரோல் அந்த வால்வை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறது. அதனால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் பெட்ரோல் தொடாத இடத்தை அது தொடாது. இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் கிரேங்க் கேஸில் சேரும் கசடுக்கும், தேய்ந்த பிஸ்டன் ரிங்குக்கும், ஏர் ஃபில்டரில் அடைத்த தூசிக்கும் டேங்கில் ஊற்றுவதால் எந்தப் பயனும் இல்லை. சைலன்சரில் நீலப் புகை வந்தால் அது ஆயில் எரிவது. அதற்கு எந்தப் பாட்டிலும் மருந்தாகாது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு முதலில் பைலட் ஜெட் மீதுதான் சந்தேகம் வருகிறது. ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் இன்ஜின் ஓடும் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் அந்தத் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு தொட்டியில் தங்கிய பெட்ரோல் ஆவியாகும்போது மிஞ்சும் பசை அதில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பாதி அடைத்திருந்தால் கிளீனர் ஓரளவு உதவலாம். முழுவதும் அடைத்திருந்தால் அதன் வழியாகப் பெட்ரோலே போகாது, அப்படியிருக்கக் கிளீனர் எப்படிப் போகும்? கழற்றிக் கார்புரேட்டர் ஸ்ப்ரே அடித்து, காற்று வைத்து ஊதித்தான் எடுக்க வேண்டும். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குத்தவே கூடாது. துளை பெரிதாகிவிட்டால் வேறு ஜெட்தான் வாங்க வேண்டும்.

மைலேஜ் குறைந்ததற்குப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காரணம் என்று பலர் சொல்வார்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பது உண்மை. ஆனால் 10 விழுக்காடு கலந்த பெட்ரோலிலிருந்து 20 விழுக்காடு கலந்ததற்கு மாறினால் ஆற்றல் குறைவது ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. அந்தக் கணக்குப்படி 48 கொடுத்த வண்டி 46க்குப் பக்கத்தில் வரலாம்; 40க்கு இறங்காது. மீதியை ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) இடைவெளி, கார்புரேட்டர், பிரேக் பிடிப்பு ஆகியவற்றில்தான் தேட வேண்டும்.

பதில்: எர்ணாவூர் வாசி

மெக்கானிக் அண்ணன் சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் தண்ணீர் ஏறி, என் வண்டி இரண்டு நாள் நீரில் நின்றது. பிறகு கிளம்பியது, ஆனால் திக்கித் திக்கி ஓடியது. பெட்ரோலில் கலந்த தண்ணீரை எடுத்துவிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, ஒரு மாதத்தில் இரண்டு பாட்டில் கிளீனர் ஊற்றினேன். எந்த மாற்றமும் இல்லை. கடைசியில் டேங்கைக் கழற்றிக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்தபோது, மேலே பெட்ரோல் தெளிவாக நிற்க, அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குக் கலங்கலாகத் தனியே ஒரு நீர் நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் பிரிந்து நிற்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதை வடித்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மழையில் நின்ற வண்டி என்றால் முதலில் டேங்கை வடித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று: பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைக் கூட்ட ஊற்றும் ஆக்டேன் பூஸ்டரையும் கிளீனரையும் ஒன்றென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மாங்கனீசு சேர்ந்த பூஸ்டர்களை ஊற்றினால் ஸ்பார்க் பிளக் முனையில் செம்மண் நிறத்தில் படியும். நம் அன்றாட வண்டிகளுக்கு அது தேவையே இல்லை.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்து, அருகிலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஏர் ஃபில்டர் பேப்பர் சாம்பல் நிறத்தில், விரலால் தட்டினால் தூள் கொட்டும் நிலையில் இருந்தது. ஸ்பார்க் பிளக் முனை உலர்ந்த கரியாக இருந்தது. பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போனதன் அடையாளம் அது என்றார். பைலட் ஜெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் தெரியவில்லை. ஸ்ப்ரே அடித்து ஊதிய பிறகு பார்த்தபோது, ஊசி முனை அளவுக்கு ஒளி தெரிந்தது. ஃபில்டரும் பிளக்கும் மாற்றி, டேப்பெட் சரிசெய்தோம். சோக் இல்லாமலே கிளம்புகிறது, சிக்னலில் அணைவதில்லை. டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டதில் 45 வருகிறது.

இனி வால்வில் உள்ள கார்பனுக்காக ஒருமுறை கிளீனர் ஊற்றலாம் என்று எண்ணுகிறேன். எப்படி ஊற்ற வேண்டும்?

பதில்: பழைய வண்ணாரப்பேட்டை மெக்கானிக்

மகிழ்ச்சி, தம்பி. இப்போது ஊற்றினால் பொருள் உண்டு. அட்டையில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று போட்டிருக்கும். கார் டேங்குக்கான பாட்டிலை அப்படியே கவிழ்த்துவிடாமல், மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். முதலில் கிளீனர், அதன்மேல் பெட்ரோல் என்று நிரப்பினால் நன்றாகக் கலக்கும். லாரிகள் சேர்வதற்கு முன்பு, விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்; இன்ஜின் நன்றாகச் சூடேறினால்தான் அது வேலை செய்யும். அந்த டேங்க் ரிசர்வ் வரை ஓடித் தீரட்டும். இளகும் அழுக்கில் ஒரு பகுதி ரிங்கைத் தாண்டி ஆயிலிலும் இறங்கும், ஆகவே ஆயில் மாற்றும் நாளுக்குச் சற்று முன்பாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்ற வேண்டியதில்லை. உங்கள் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும்.

ஊற்றிய பிறகும் டேங்க் கணக்கு எடுத்து இங்கே எழுதுங்கள். 45லிருந்து கூடவில்லை என்றால் அடுத்து கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டும். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஓடும் வண்டியில் அதுதான் சீக்கிரம் தேயும்.