மரியோ லெமியூ பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

கேள்வி: ஐஸ் ஹாக்கி இப்பதான் பாக்க ஆரம்பிச்சிருக்கேன். கனடா ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி ஏன் பெரிய ஆளுன்னு புரியுது, ஆனா 915 மேட்ச் மட்டுமே ஆடின லெமியூவையும் கூடவே வச்சு பேசுறாங்களே, ஏன்?

பதில் 1: அந்த 915 மேட்ச்ல 690 கோல், மொத்தம் 1723 பாயிண்ட் ப்ரோ (கோல் போட்டாலும், கோலுக்கு பாஸ் குடுத்து அசிஸ்ட் பண்ணாலும் ஒரு பாயிண்ட்). அதுவும் முதுகு வலியோட, குனிஞ்சு ஸ்கேட் லேஸ் கட்ட முடியாம வேற ஆள் கட்டிவிடுவாங்களாம், அப்படியே போய் 1991, 92 ரெண்டு வருஷமும் தன்னோட டீம் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸுக்கு ஸ்டான்லி கப் (லீக் சாம்பியனுக்கான கோப்பை) வாங்கிக் குடுத்தாரு.

பதில் 2: 1993 தான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. கேன்சர், கடைசி ரேடியேஷன் முடிஞ்ச அன்னிக்கே பிளேன் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் ஆடி கோலும் போட்டாரு, எதிர் டீம் ஊர்க்காரங்க எழுந்து நின்னு கைதட்டினாங்க, ரெண்டு மாசம் ஆடாமலே அந்த சீசன் 60 மேட்ச்ல 160 பாயிண்ட் எடுத்து பாயிண்ட் லிஸ்ட்ல முதலிடம் வேற. இத எழுதும்போதே புல்லரிக்குது.

பதில் 3: 97ல ரிட்டயர் ஆனதோட முடியல. டீம் திவாலானப்போ தனக்கு வரவேண்டிய சம்பள பாக்கிய பங்கா மாத்தி 1999ல டீமையே வாங்கிட்டாரு. 2000 டிசம்பர்ல மறுபடி ஆட வந்தப்போ, அவருக்கு மரியாதையா மைதானத்துல மேல தொங்கவிட்டிருந்த அவரோட 66 நம்பர் பேனர இறக்குனாங்க. மேட்ச் ஆரம்பிச்சு 33 செகண்ட்ல ஒரு அசிஸ்ட்! அந்த வீடியோவ மொதல்ல பாருங்க.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, இன்னிக்கு நைட்டே பாக்குறேன்.