‘ஃபாய் டி லா!’: ஹாங்காங்கில் நம்மை விரட்டிய சொற்கள்

கொளத்தூர் மருமகள்:
கல்யாணமாகி ஹாங்காங் வந்த முதல் வாரம். ஷாம் சுய் போவில் ஒரு சா சான் தெங். பால் டீ, டோஸ்ட், நூடுல்ஸ் எல்லாம் கிடைக்கும் சின்னக் கடை, மதியக் கூட்டம். நான் மெனுவை நிதானமாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பரிமாறும் அம்மா மேசையைத் தட்டி, “ஃபாய் டி லா!” என்றார். முன்பின் தெரியாதவளை ‘டி’ போட்டுக் கூப்பிடுகிறாரே என்று எனக்கு முகமே சுருங்கிவிட்டது. கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் ஃபாய் என்றால் வேகம், டி என்றால் கொஞ்சம், லா சும்மா ஒட்டு. ‘கொஞ்சம் சீக்கிரம்மா’ என்பதுதானாம். முன்னால் ஒரு ‘ம் கோய்’, அதாவது ‘தயவுசெய்து’, சேர்த்தால் இன்னும் பணிவு.

பழைய குடோன்காரன்:
நான் க்வுன் டோங்கில் குடோன் வேலை பார்த்தவன். அங்கே ‘ஃபாய் சௌ டி’தான் அதிகம். சௌ என்றால் கை. நம் ‘கையை வேகமா ஓட்டு’ மாதிரி. அப்புறம் ‘நா நா செங்’, அதாவது சட்டுபுட்டுனு. சிலர் அதையே ‘லா லா செங்’ என்பார்கள். வேறு வேறு சொல் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பலர் பேச்சில் ந எல்லாம் ல ஆகிவிடும், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது ‘ஹாங் ஃபாய் லோங் போ’, ரெண்டு எட்டு வேகமா நட! எங்கள் ஆத்தா சொல்வது அப்படியே.

ஆனால் இவர்கள் பேச்சைக் கேட்டு ஒருநாள் தள்ளுவண்டியோடு ஓடினேன். எந்நேரமும் என்னை விரட்டும் அதே பெரியவர் கத்தினார்: “கோன் ச்யூ ஹோய் தௌ தோய் ஆ?” மறுபிறவி எடுக்கப் போக அவ்வளவு அவசரமா என்று அர்த்தம். நம்மூரில் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறே என்போம். இவர்கள் நேராக அடுத்த ஜென்மத்துக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

மோங் கோக் முருகேசு:
விரட்டினால் வரும் பதிலையும் சொல்லுங்கள். ‘யாட் கோ ஜி’, ஒரு எழுத்து. கடிகாரத்தில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண், அதாவது 5 நிமிடம். என் நண்பனின் ஒரு எழுத்து ஆறு எழுத்துக்குக் குறைந்ததே இல்லை.

கொளத்தூர் மருமகள்:
இப்போது காலையில் பள்ளிக்குக் கிளம்பும் பையனை நானே ‘ஃபாய் டி, ஃபாய் டி’ என்று விரட்டுகிறேன். “ஆம்பளப் புள்ளய டி போடாதே, ஃபாய் டான்னு சொல்லு” என்கிறார் இவர்.