கூட்டா, கலப்பா? கோழி மருந்துக்கு ஒரு சொல்

> ராணிக்கெட்டுக்கும் தொற்று மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஒரே குப்பியில் வருகிற மருந்தைத் துண்டறிக்கையில் 'கலப்புத் தடுப்பூசி' என்று போட்டிருக்கிறேன். குழுவினர் கருத்து?

ஐயா, வணக்கம்.

'கலப்பு' வேண்டாம். காரணம் இலக்கணம் இல்லை, வியாசர்பாடியில் இருக்கும் என் பெரியம்மா. மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வைத்திருக்கிறார். கலப்பு என்று அச்சில் பார்த்தால் ரெண்டு குப்பி வாங்கி வீட்டிலேயே ஒன்றாக ஊற்றிக் குலுக்கிவிடுவார். செய்யவே கூடாதது அதுதான். இரண்டும் உயிருள்ள வைரஸ், இரண்டும் பெருகுவது கோழியின் மூச்சுப்பாதையில். மூச்சுக்குழல் அழற்சி வைரஸ் அளவு மீறினால் ராணிக்கெட் மருந்தை எடுபடவிடாது. மருந்து கொடுத்த கோழிக்கும் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்டுக்கு ஊர்ப் பெயர்) வரும், பெரியம்மா மருந்தைத் திட்டுவார். அதனால்தான் எது எவ்வளவு என்று சோதித்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்கிறோமே, அந்தக் 'கூட்டு' இங்கே பொருந்தும். கலப்புப் பெருங்காயம் என்று எழுதிவைத்தால் எவர் வாங்குவார்?

முன்பு குழுவில் ஒருவர் இதற்கு 'இணைத் தடுப்பூசி' சொன்னார். இரண்டோடு நின்றால் சரி. முட்டைக்கு வரும் முன் பெட்டைக்குப் போடும் எண்ணெய்க் குழம்பு ஊசியில் ராணிக்கெட், மூச்சுக்குழல் அழற்சி, கம்போரோ (குஞ்சின் நோய் எதிர்ப்பைக் குலைக்கும் வைரஸ் நோய்) என்று மூன்றுகூடச் சேர்ந்து வருகிறது. அதில் இருப்பது செத்த வைரஸ், பெருகாது. இடத்துக்குச் சண்டையும் இல்லை.

இன்னொன்று, 'ஊசி'. குஞ்சுக்கு முதல் வாரம் ராணிக்கெட் மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பிறகு குடிதண்ணீரில் கலந்தும் கொடுப்பார்கள். (குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் மருந்து வீண். கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கரைத்துக்கொள்வது அதற்காகத்தான். துண்டறிக்கையில் சொல்லைவிட இது பெரிய எழுத்தில் வர வேண்டும்.) ஊசியே இல்லாத இடத்தில் தடுப்பூசி என்றால் கேட்பவர் சிரின்ஜைத் தேடுவார். போலியோவுக்குச் 'சொட்டு மருந்து' என்று ஊரே சொல்கிறது, யாரும் குழம்பவில்லை. ஆகவே என் பரிந்துரை 'கூட்டுத் தடுப்பு மருந்து'.

ஒரு உபரிச் செய்தி. ராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து செய்யும் நிலையம் இருப்பதால், நோயே அங்கிருந்துதான் வந்தது என்று புழலில் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ராணிக்கெட் இருப்பது குமாவோன் மலையில். 1927இல் அந்த ஊரில் கண்டதால் அந்தப் பெயர். 'வெள்ளைக்கழிச்சல்' என்றே போடலாம், பேட்டைக்குப் பழி வராது.

—

அண்ணா, வணக்கம். மாதவரத்திலிருந்து எழுதுகிறேன்.

கூட்டு சரி. ஆனால் வான்கோழி ஹெர்பெஸ் வைரஸை என்ன செய்வீர்கள்? அது கோழிக்கு நோய் தராது, மேரெக்ஸ் நோயிலிருந்து காக்கும். அதற்குள் ராணிக்கெட்டின் ஒரு மரபணுவையும் கம்போரோவின் ஒரு மரபணுவையும் செருகிவிடுகிறார்கள். குப்பியில் இருப்பது ஒரே வைரஸ், தடுப்பது மூன்று நோய். ராணிக்கெட் மரபணு ஒரு வைரஸில், கம்போரோ மரபணு இன்னொரு வைரஸில் என்று வைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும். அதனால்தான் ஒன்றிலேயே ஏற்றுகிறார்கள். இதையும் கூட்டு என்றால் தேர்வில் நான் என்ன எழுதுவது?

—

டாக்டரம்மா, மாட்டிக்கொண்டேன்.

அது கூட்டு இல்லை, சுமை. 'சுமப்பி மருந்து' என்று பார்க்கலாமா? இப்படிச் சுமக்கும் வைரஸுக்கு (vector) பாடநூலில் 'கடத்தி' இருக்கிறது. கொசுவுக்கும் கடத்தி, செம்புக் கம்பிக்கும் கடத்தி. எங்கள் துறைமுகப் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு.

ஒரே நோயின் பல திரிபுகளுக்கு வரும் மருந்தை இரண்டோடும் சேர்க்காதீர்கள், அது 'பல்திரிபு மருந்து'. சிலர் வேதியியலில் இருந்து 'இணைதிறன்' என்பதைத் தூக்கி வந்து 'பல இணைதிறன் தடுப்பூசி' என்கிறார்கள். அணுவின் பிணைப்புக்கும் கோழிக்கும் என்ன உறவு?

வளர்ப்பவருக்கு இந்தப் பிரிவெல்லாம் வேண்டாம். எத்தனை நோய்க்கு என்று தெரிந்தால் போதும். குழந்தைகளுக்கு 'முத்தடுப்பு ஊசி' என்று ஏற்கெனவே வழங்குகிறதே, அந்த வழியில் குப்பி மேல் 'இருநோய்த் தடுப்பு', 'முந்நோய்த் தடுப்பு' என்று எழுதலாம். சுமப்பியும் கூட்டும் உங்கள் விடைத்தாளுக்கு.

ஐயா, துண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியை இப்படி மாற்றிவிடுங்கள்: 'இருநோய்த் தடுப்பு மருந்து: வெள்ளைக்கழிச்சல், மூச்சுக்குழல் அழற்சி. வேறு மருந்தோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள்.' பெரியம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'அழற்சின்னா என்னடா?' என்கிறார்.