ராத்திரி கேஸ் வாசனை வந்தால் முதல் இரண்டு நிமிஷத்தில் என்ன வரிசையில் செய்யணும்?

நங்கநல்லூர்_மூணாவதுமாடி கேட்டது:

அப்பா, அம்மா இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். நங்கநல்லூரில் மூணாவது மாடி ஃப்ளாட், தனியாகத்தான் இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரலுக்கும் கொசுவுக்கும் பயந்து எல்லா ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். சிலிண்டர் சமையல் மேடைக்கு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள். சாமி அலமாரியும் சமையலறையிலேயேதான், அகல் விளக்கு ராத்திரி வரைக்கும் எரியும். இன்வெர்ட்டர் ஹாலில்.

"லைட் போடாதே, ஜன்னலைத் திற" என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு வேண்டியது வரிசை. எதை முதலில் தொடணும்? மெயினை ஆஃப் பண்ணலாமா? சிலிண்டரைத் தூக்கி வெளியே வைக்கணுமா? ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுகிற மாதிரி ஒரு தாளில் எழுத வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

வால்வு_வாஷர்:

சார், முதல்ல ஒரு கணக்கைச் சொல்லிடறேன், ஏன் அவசரம்னு புரியும். சமையல் கேஸ் காற்றோடு சேர்ந்து சுமார் 2 சதவீதம் ஆனாலே பற்றக்கூடிய கலவை. 8-க்கு 8 அடி, 10 அடி உயரம் உள்ள சமையலறைன்னா ஏறக்குறைய 18 கன மீட்டர். அந்த அறை முழுக்க 2 சதவீதம் வர முக்கால் கிலோ கேஸ் போதும். சிலிண்டர்ல இருக்கிறது 14.2 கிலோ. அதுவும் கேஸ் அறை முழுக்கச் சமமாப் பரவாது. காற்றைவிடக் கனம், அதனால தண்ணி மாதிரி தரையோட படரும். முக்கால் கிலோவுக்கு ரொம்பக் குறைவா கசிஞ்சாலும் கணுக்கால் உயரத்துல ஆபத்தான அளவு வந்துடும். நின்னபடி மோந்து பார்த்து "லேசாத்தான் வருது"ன்னு நம்பக் கூடாது, குனிஞ்சா நிலைமை வேற.

இப்ப வரிசை. தூக்கத்துல எழுந்தவங்க கை தானா லைட் சுவிட்சுக்குப் போகும். வாசனைன்னா எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போகும். இந்த ரெண்டும்தான் பெரிய ஆபத்து. சுவிட்சைப் போடும்போதும் சரி, அணைக்கும்போதும் சரி, உள்ளே சின்னதா ஒரு பொறி வரும். எரிஞ்சுக்கிட்டு இருக்கிற லைட் எரியட்டும், ஓடற ஃபேன் ஓடட்டும். எதையும் தொட வேண்டாம்.

வாசனை லேசா இருந்து, "உஸ்"ங்கிற சத்தம் இல்லேன்னா மட்டும் சமையலறைக்குள்ள போகலாம். போகிற வழியில பால்கனிக் கதவைத் திறந்துடணும். அடுத்து சிலிண்டர் மேல மாட்டியிருக்கிற ரெகுலேட்டரோட குமிழை ஆஃப் பக்கம் திருப்பணும். அடுப்புக் குமிழைத் தேடிக்கிட்டு நிக்க வேண்டாம். டியூப், அடுப்பு எங்க கசிஞ்சாலும் ரெகுலேட்டரை மூடினா நின்னுடும். அப்புறம் சமையலறை ஜன்னல்.

மூடின பிறகும் சத்தமோ வாசனையோ நிக்கலேன்னா, கசிவு வால்வுலதான். வால்வுக்குள்ள ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கு. அது வெடிச்சோ நகர்ந்தோ இருந்தா ரெகுலேட்டரைச் சுத்தி கேஸ் வரும். ரெகுலேட்டரோட அடி வளையத்தை மேலே தூக்கிப் பிடிச்சு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் கழுத்துல கயிறு கட்டித் தொங்குற பிளாஸ்டிக் மூடியை வால்வு மேல வச்சு "டக்"னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். அந்த மூடி நிறைய வீட்டுல கயிறோட காணாமப் போயிருக்கும். இன்னைக்கே பாருங்க. இல்லேன்னா அடுத்த சிலிண்டர் கொண்டுவர்றவர்கிட்ட கேட்டு வாங்கி வையுங்க.

வாசனை கனமா இருந்தாலோ சத்தம் கேட்டாலோ உள்ளேயே போகக் கூடாது. வெளியே வந்துடணும். கீழே இறங்கின பிறகு 1906-க்குப் பேசணும். அது கேஸ் கசிவுக்கே உள்ள எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க. தீயணைப்புக்கு 101, பொதுவா 112. போனை வீட்டுக்குள்ள எடுத்துப் பேச வேண்டாம்.

சிலிண்டரைத் தூக்குறதைப் பத்தி: நிறை சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. எழுபது வயசுல அதைத் தொடவே வேண்டாம். மூணு மாடி படியிறக்கினா கேஸும் கூடவே படியிறங்கும், அடுத்த வீடுகளுக்கும் பரவும். லிஃப்ட் கூடவே கூடாது. படுக்க வச்சு உருட்டினா ஆவிக்குப் பதிலா திரவமே வெளியே வரும், ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் ஆவியாகும்.

---

மீட்டர்பாக்ஸ்:

மேல சொன்னதோட மெயின் விஷயத்தையும் சேர்த்துக்குங்க. "மெயினை ஆஃப் பண்ணு"ன்னு பொதுவாச் சொல்வாங்க. இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல அதுவே வினையாகலாம். கரண்ட் போன அந்த நொடியில இன்வெர்ட்டர் உள்ளே இருக்கிற ரிலே, அதாவது தானா மாறுற சுவிட்ச், "டிக்"னு மாறும், அது ஒரு பொறி. உங்க இன்வெர்ட்டர் ஹாலில், அனேகமா தரையிலதான் உட்கார்ந்திருக்கும். கேஸும் தரையோடதான் வரும். அதனால கரண்ட் இருக்கும்போது மெயினைத் தொடாதீங்க.

நிலைமை தலைகீழாகிற நேரமும் உண்டு. மழையில ஈ.பி. கரண்ட் ஏற்கனவே போயிருந்தா, அது திரும்பி வர்ற நொடிதான் ஆபத்து. இன்வெர்ட்டர் மறுபடி மாறும், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரும் உதறிக்கிட்டுக் கிளம்பும். அப்ப கீழே கார் நிறுத்துற இடத்துல இருக்கிற மீட்டர் பாக்ஸ்ல அந்த ஃப்ளாட்டோட மெயினை மட்டும் வாட்ச்மேனோ கீழ் வீட்டுக்காரரோ இறக்கிடணும், கரண்ட் வந்தாலும் மேலே போகாது. ஆனா கீழேயும் வாசனை வந்தா அங்கேயும் தொடக் கூடாது. மீட்டர்ல ஃப்ளாட் எண்ணை பெயின்ட்ல எழுதி வையுங்க. இருட்டுல 12 மீட்டர்ல எதுன்னு தேடறதுக்குள்ள கரண்ட் வந்துடும்.

அகல் விளக்கு: வாசனை லேசா இருந்தா ஊத வேண்டாம். ஒரு டம்ளரைக் கவிழ்த்தா அணைஞ்சிடும். கனமா இருந்தா அதுகிட்டயும் போக வேண்டாம். பேசாம விளக்கைப் படுக்கறதுக்கு முன்னாடியே மலையேற்றிடச் சொல்லுங்க, அதோட ரெகுலேட்டரையும் மூடச் சொல்லுங்க. தினமும் செய்றதுதான் அந்த நேரத்துல கைக்கு வரும்.

---

கீழ்ப்பாக்கம்_தீக்காயம்:

பற்றிக்கொண்ட பிறகு என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். பலர் தவறு செய்வது இந்த இடத்தில்தான்.

டியூபிலோ ரெகுலேட்டர் ஓரத்திலோ தீ பிடித்திருந்தால் முதல் வேலை கேஸை நிறுத்துவது. கை எட்டுமானால் கனமான பருத்தித் துண்டையோ கோணிச் சாக்கையோ நனைத்துப் பிழிந்து, அதைக் கேடயம்போல் முன்னால் பிடித்துக்கொண்டே சிலிண்டர் மேல் போர்த்தி, அதே கையோடு ரெகுலேட்டரை மூட வேண்டும். கேஸை நிறுத்த வழியில்லாதபோது தீயை மட்டும் அணைக்கக் கூடாது. எரிகிற கேஸ் அங்கேயே எரிந்து தீரும். அணைத்துவிட்டால் அதே கேஸ் எரியாமல் அறையில் சேரும், பிறகு மொத்தமாகப் பிடிக்கும். தீ நாக்கு சிலிண்டர் உடம்பில் படுகிறது என்றால் எதையும் முயல வேண்டாம். உள்ளே திரவம் கொதித்து அழுத்தம் ஏறினால் சிலிண்டரே கிழியும். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் இறங்கிவிட வேண்டும்.

வாணலி எண்ணெய் தீ என்றால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பக்கவாட்டிலிருந்து ஒரு தட்டைத் தள்ளி மூடி அப்படியே விட்டுவிடுங்கள். பத்து நிமிஷத்தில் திறந்து பார்த்தால் மறுபடி பற்றும்.

புடவையிலோ நைட்டியிலோ தீ பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் காற்றில் தீ மேலே ஏறி முகத்துக்கு வரும். தரையில் படுத்து உருள வேண்டும். மற்றவர்கள் பருத்திப் போர்வையால் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் போர்த்த வேண்டும். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டியிருந்தால் உரிக்க வேண்டாம். ஒட்டாத துணியை மட்டும் எடுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில், மெதுவாக ஓடவிட்டு, கடிகாரம் பார்த்து 20 நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் எரிச்சல் குறைந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். மேல்தோல் ஆறினாலும் அடியில் சூடு இருந்துகொண்டே இருக்கும், அது இன்னும் ஆழமாக இறங்கும். மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கோடையில் கொதிக்கும். அந்த நாளில் பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரைக் குவளையால் விட்டுக்கொண்டே இருங்கள். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழமே தெரியும், அந்தச் சுரண்டல் பெரிய வேதனை.

தண்ணீர் விடும்போதே வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். அரை மணியில் வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிறகு சலவை செய்த பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டாலோ, குரல் கரகரத்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ காயம் சின்னது என்று தள்ளக் கூடாது, மூச்சுக்குழாயில் சூடு இறங்கியிருக்கலாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

---

வால்வு_வாஷர்:

அந்த அலமாரியைப் பத்தி மறந்துட்டேன். கதவு போட்ட அலமாரிக்குள்ள கசிஞ்சா கேஸ் அங்கேயே தேங்கும், யாராவது கதவைத் திறக்கிறப்பத்தான் மொத்தமா வெளியே வரும். கதவோட அடியில, தரையை ஒட்டி நாலஞ்சு ஓட்டை போடச் சொல்லுங்க. மேலே போடறதுல பிரயோஜனம் இல்லை.

ஆரஞ்சு டியூப் அதிகபட்சம் 5 வருஷம், நீளம் ஒண்ணரை மீட்டருக்கு மேல வேண்டாம். எலி கடிச்ச தடம் சுவர்ப் பக்கம் இருக்கும், முன்னாடி தெரியாது, அதனால கையால தடவிப் பாருங்க. புது சிலிண்டர் மாட்டினதும் சோப்புத் தண்ணியை வால்வு ஓரத்துல விட்டுக் குமிழி வருதான்னு பாருங்க, தீக்குச்சியால பார்க்கவே கூடாது. கைப்பிடியைத் தாங்குற பட்டையோட உள்பக்கம் B-27 மாதிரி எழுதியிருக்கும்: A ஜனவரி முதல் மார்ச், B ஏப்ரல் முதல் ஜூன், அப்படியே D வரைக்கும்; 27-ன்னா 2027. அது அடுத்த சோதனைக்கான கெடு. தாண்டியிருந்தா வாங்கவே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்க.

வயசானவங்களுக்கு மூக்கு மந்தமாகும், சளி பிடிச்சா சுத்தமா வாசனையே தெரியாது. கேஸ் அலாரம் ஒண்ணு மாட்டுங்க, தரையிலிருந்து ஒரு அடி உயரத்துல. குழாய் கேஸ் இணைப்பு வாங்கினா அதுக்கான அலாரம் கூரைப் பக்கம் போகணும், அந்த கேஸ் காற்றைவிட லேசு.

---

நங்கநல்லூர்_மூணாவதுமாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாளில் எழுதியிருக்கிறேன், தப்பிருந்தா திருத்துங்க:

சுவிட்ச் எதையும் தொடாதே. பால்கனிக் கதவைத் திற. லேசான வாசனைன்னா ரெகுலேட்டரை மூடு, மூடியைப் போடு. சத்தம் கேட்டா உள்ளே போகாதே. செருப்பைத் தேடாமல் வெளியே வா. எதிர் வீட்டு பெல்லை அடி. படியில் இறங்கு. கீழே வந்து 1906.

---

மீட்டர்பாக்ஸ்:

பெல்லை அடின்னு இருக்கிறதை மாத்துங்க. காலிங் பெல்லும் சுவிட்ச்தான், கதவிடுக்கு வழியா கேஸ் வராண்டாவுக்கு வந்திருக்கும். "கதவைக் கையால் தட்டு, பேரைச் சொல்லிக் கூப்பிடு"ன்னு போடுங்க. எதிர் வீட்டுக்காரங்களுக்கும் ஒரு தாள் கொடுங்க, அவங்க கை முதல்ல வராண்டா லைட்டுக்குத்தான் போகும். எழுத்தைப் பெரிசா போடுங்க. ராத்திரி கண்ணாடி இல்லாமப் படிக்கணும்.