கோவை மேட்டு நிலம்: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

மேட்டாங்காடு:
பல்லடம் தாண்டி, ஆடி மாசச் சாயங்காலம். மேற்கே மலைப்பக்கம் கருகருன்னு கூடி நிக்குது; இங்கே செம்மண் புழுதி கண்ணைத் திறக்க விடலை. தலைக்கு மேல மேகம் மேகமா ஓடுது, ஒரு சொட்டு இறங்கலை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல சுமார் 30 கி.மீ. சந்து, அதான் பாலக்காட்டுக் கணவாய். மலை ஏறுற காத்துதான் குளிர்ந்து மழையைக் கொட்டும். இந்தச் சந்துல ஏற மலையே இல்லை, ஈரத்தோட ஓடிருது. மறக்காதது அது இல்லைங்க, ஒரு மா ஒட்டுக்கன்று. முட்டுக்கோலைக் கிழக்கே நட்டிருந்தாங்க. காத்து கன்றைக் கோல் மேலேயே தேய்ச்சு, பட்டை ஒரு சாண் உரிஞ்சு தொங்குச்சு. கோல் மேற்கே இருக்கணும், கயிறை 8 வடிவத்துல தளர்வா கட்டணும்.

நொய்யல்கரை:
எல்லாப் பழியும் காத்து மேலயா? சித்திரையில வாடின கன்று ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தப்ப வேர் அழுகி நாத்தம். முந்தின நாள் ஊத்தின தண்ணி குழியில அப்படியே நிக்குது. ரெண்டடிக்குக் கீழே சுக்காம்பாறை, சுண்ணாம்பு இறுகின அடுக்கு! காஞ்சு வாடுதுன்னு தினமும் ஊத்தியே கொன்னிருக்காங்க. குழி எடுத்ததும் ரெண்டு தடவை தண்ணி நிரப்புங்க. ரெண்டாவது தடவை ஊத்தினது விடிஞ்சும் நின்னா, கடப்பாரையால பாறை அடுக்கை உடைச்சு அடிமண் தெரியற வரைக்கும் போகணும். இங்கே செம்மண் வகைக்கு ஊர்ப் பேரே பேரு: இருகூர் மண்ணுல இந்தத் தொல்லை இல்லை. பாலத்துறை மண்ணுல சுண்ணாம்பு உண்டு, ஒரு கட்டி மேல அமிலம் விட்டா நுரைக்கும். அந்த மண்ணுல நிலக்கடலைக் கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை. 10 லிட்டர் தண்ணிக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 100 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம், சாயங்காலம் தெளிக்கணும். அமிலம் போடலைன்னா கரைசல் பழுப்பாயிரும்.

கொறங்காட்டான்:
வருசத்துக்கு 600, 700 மி.மீ. பெய்யற காடு. அதுலயும் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில வந்துரும். இங்கே மா நடறதே வம்பு. காங்கேயம் பக்கம் கொறங்காடு, அதான் வேலி கட்டின மேய்ச்சல் காடு, பார்த்தவங்களுக்குத் தெரியும்: தரை முழுக்க கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலான் மரம், சுத்தி கிளுவை வேலி. பங்குனியில புல் வைக்கோல் நிறத்துக்குப் போயிரும். அப்ப வெள்வேலான் காய் உதிர, மாடு மரத்தடியை விட்டு நகராது. வேலி போடறதுன்னா கிளுவைக் குச்சியை இலை இல்லாத நாள்ல வெட்டுங்க. வெட்டுவாய் உலர நிழல்ல சில நாள் போட்டு, மழைக்கு முந்தி நெருக்கமா ஊனுங்க. ஈரவாயோட நட்டா அழுகும். தலைகீழா நட்டுடாதீங்க, அடிப்பக்கம் மண்ணுல. காட்டை நாலா பிரிச்சு மாத்தி மாத்தி மேய விடணும். ஒரே காட்டுல கட்டிப் போட்டா கொழுக்கட்டை வேரோட போய் நெருஞ்சிதான் மிஞ்சும். புல் விதை சிந்தற வரைக்கும் ஒரு காட்டையாவது அடைச்சு வைங்க.

மேட்டாங்காடு:
வேலி பத்தி யாருங்க கேட்டா? அதோட, கிளுவை ஆடிக்காத்தை நிறுத்தாது, குட்டை. மேற்கே ரெண்டு வரிசை சவுக்கு, முன் வரிசைச் சந்துக்கு நேரா பின் வரிசை மரம் வர்ற மாதிரி வைக்கணும். மர உயரத்தைப் போல பத்து மடங்கு தூரம் வரைக்கும் காத்து தணியும். சுவர் மாதிரி அடைச்சா அந்தப் பக்கம் சுழல் அடிக்கும். பாதிக் காத்து ஊடுருவட்டும்.

நொய்யல்கரை:
சவுக்குக்கும் அதே குழிச் சோதனைதான். சுக்காம்பாறை மேல வெச்சா வேர் ஆழம் போகாம அடுத்த ஆடியில வரிசையோட சாயும்.